யார் வைத்த மருந்து

கோலா சிலாங்கூருக்குப் போனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒட்டுக்கடையில் தண்ணி குடிக்காமல் நாங்கள் திரும்புவதில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு தே தாரிக் சொல்வார். கடைக்காரர் அவருக்கு முன்னால் டின் பால் தாராளமாக ஊற்றி நுரை பொங்க ஆற்றிய குவளையை வைப்பார். எனக்கு முன்னால் வருவது பாலும் சீனியும் போடாத கறுப்புத் தேநீர். ஏன் என்று கேட்டால், "அக்காவுக்கு கோசோங்தான் நல்லதுலா" என்பார். சொன்னது இரண்டு தே தாரிக்தான், அதை அவரும் காதால் கேட்டார். இருந்தாலும் என்னைப் பார்த்ததும் அவர் கை சீனி டப்பாவை விட்டு விலகிவிடும்.

அவரை யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்தேன். எனக்கு எதிலும் சந்தேகம் வரும். வராமல் என்ன செய்யும்? சின்ன வயதிலிருந்து என் தட்டை ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் குண்டு. என் வீட்டுக்காரர் ஒல்லி. எங்கள் கல்யாணப் படத்தைப் பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுத்தான் வாழ்த்துவார்கள். விருந்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் என் இலையில் அரை ஜாங்கிரியை வைத்துவிட்டு அவர் இலையில் இரண்டு வைப்பார். "அண்ணே, நல்லா சாப்புடுங்க, காத்துல பறந்திருவீங்க போல" என்று சொல்லிப் பாயசத்தையும் ஊற்றுவார். நான் ஏப்பம் விட்டால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் மூன்றாவது ஜாங்கிரியைக் கேட்டால் கொண்டுவர ஆள் ஓடும்.

புஞ்சாக் ஆலாமில் ஒரு மளிகைக் கடையில் நான் கேஷியராக இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கூடையைத்தான் பார்க்கிறேன். ஒடிசலான பெண்கள் கேஸ் பானத்தையும் கிழங்குச் சீவலையும் மலைபோல் அடுக்கிக்கொண்டு வருவார்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வேலை முடிந்து நான் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு என் கல்லாவுக்கே வந்து நின்றால், பின்னால் நிற்பவரின் கண் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு என் இடுப்புக்கு இறங்கும். அந்தப் பார்வையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

அந்தப் பார்வையில் பட்டம் வாங்கியவர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், புருஷன் இறந்த பிறகும், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீட்டிலேயே தனியாக இருக்கிறார். தம்பியைப் போலவே மூங்கில் குச்சி உடம்பு. வீட்டுக்கு வந்தால் முதலில் என் அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார். பிறகு தம்பியின் தோள் எலும்பைத் தடவிப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். "எம் தம்பிக்கு ஏதாச்சும் மிச்சம் வைக்கிறியா?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை.

அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் இலவசமாக ரத்தம் பார்த்தார்கள். நர்ஸ் மிஸ்ஸி விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்து, சின்ன மிஷினில் வைத்து எண் சொல்வார், பதினொன்றைத் தாண்டினால் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி. நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார். "இவளுக்கு நல்லா பாருங்க மிஸ்ஸி, இனிப்பு நீர் கண்டிப்பா இருக்கும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில், சும்மா பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரரையும் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவமானப்படுவதென்றால் குடும்பத்தோடு படுவோமே என்ற எண்ணம்தான், வேறு காரணம் இல்லை.

எனக்கு ஐந்தே முக்கால் வந்தது. "நல்லா இருக்குக்கா" என்றது அந்த மிஸ்ஸிப் பெண். என் வீட்டுக்காரருக்குப் பதினேழு வந்தது.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஆளை மாற்றிக் குத்திவிட்டீர்கள் என்றார் ஒருவர். மிஷினுக்குக் கண் தெரியவில்லை என்றார் இன்னொருவர். நாத்தனார் மிஷினைக் கையில் வாங்கி, ரிமோட்டைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்டினார். என் வீட்டுக்காரர், "இப்பதானே ரெண்டு கிளாஸ் சிராப் தண்ணி குடிச்சேன், அதான்" என்றார். அந்த மிஸ்ஸிப் பெண் சிரிக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போய் மறுபடியும் எடுத்துப் பாருங்கள் என்று அவரிடம் தனியாகச் சொன்னாள். அவர் நல்ல பிள்ளைபோலத் தலையை ஆட்டினார்.

எனக்கு வந்த நல்ல செய்தியையும் யாரும் நம்பவில்லை, அவருக்கு வந்த கெட்ட செய்தியையும் யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுதாக நம்பவில்லை. ஆனால் என் எண்ணை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன். வருகிற வழியில் பசார் மாலாம் இரவுச் சந்தையில் காடியை நிறுத்தச் சொல்லி, சீனியும் கடலையும் வழிகிற அப்பம் பாலிக் வாங்கி, நாத்தனாரை நினைத்துக்கொண்டே தின்றேன். என் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் கரும்புச்சாறு வாங்கிக் குடித்தார். கிளினிக்குக்கு அவர் போகவில்லை. இன்றைக்கு லோட் அதிகம், நாளைக்கு மழை என்று ஒரு வாரம் சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை.

அவர் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டம். அந்த வருடம் அவர் இளைக்கத் தொடங்கினார். இளைப்பதற்கு அவரிடம் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். இருந்ததும் போயிற்று. இடுப்புவாரில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டார். சின்ன அளவில் இரண்டு சட்டை வாங்கிவந்தார். வழியில் எங்காவது நின்று நின்று வருவதால் வீட்டுக்கு வருவது தாமதமானது. கேட்டால், "சும்மா ஒதுங்கினேன்" என்பார்.

புதுச் சட்டை, தாமதம், ஒதுங்குவது. நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, பெண்டாட்டி என்னைப்போல் உடம்போடு இருக்கிறாள், அவர் உடம்பைக் குறைத்துக்கொண்டு சட்டை வாங்குகிறார் என்றால் யாருக்கு என்ன தோன்றும்? எனக்கு அதுதான் தோன்றியது. ஒரு சனிக்கிழமை அவர் குளிக்கப் போனபோது லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஏறினேன். நான் லோரியில் ஏறுவது லேசான காரியம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், பார்க்கட்டும் என்று ஏறினேன். ஒரு முடி, ஒரு வாசனை, ஒரு வளையல் துண்டு ஏதாவது கிடைக்கும் என்று இருக்கைக்குக் கீழே கையை விட்டேன்.

கிடைத்தது வெறும் போத்தல்கள். ஆரஞ்சு, திராட்சை, கேஸ் பானம், விளையாட்டுக்காரர்கள் குடிக்கிற உப்பு இனிப்புத் தண்ணி. இருக்கைக்கு அடியில் கைவிடும் இடமெல்லாம் போத்தல். கறி பாப் சுற்றிவந்த எண்ணெய்த்தாள்கள். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு கட்டிய இலைகள். அவருக்குத் தாகம் எடுத்திருக்கிறது, நின்று நின்று குடித்திருக்கிறார், குடித்ததை இறக்க மறுபடியும் நின்றிருக்கிறார். வேறொன்றும் இல்லை. பெண் யாரும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியில், கையில் இருந்த போத்தலைப் பார்க்க வேண்டிய விதத்தில் பார்க்கத் தவறிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வீசிவிட்டு, குளித்துவிட்டு வந்தவருக்குச் சந்தோஷமாகத் தண்ணி கலக்கினேன். டின் பால் போட்டு, மைலோ போட்டு, அதன்மேல் இன்னொரு கரண்டி சீனி. அவர் உடம்பு தேறினால்தானே ஊர் என் வாயைப் பார்ப்பதை நிறுத்தும் என்று காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நான் பெண்ணைச் சந்தேகப்பட்டு முடித்த வாரத்தில், நாத்தனார் என்னைச் சந்தேகப்படத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்தில் இதை மருந்து வைப்பது என்பார்கள். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள பெண்டாட்டி சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவாள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்பது நம்பிக்கை. சாப்பாடு சாப்பிட்டும் உடம்பு ஒட்டவில்லை என்றால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். படித்தவர்களும் சொல்வார்கள், கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள். நாத்தனார் ஒருநாள் வந்து வழக்கம்போல் சட்டியைத் திறந்தார். இந்த முறை எட்டிப் பார்க்கவில்லை, குனிந்து மோந்து பார்த்தார். "என்னா போட்டு ஆக்குற?" என்று கேட்டார். புளியும் மிளகாயும் என்றேன். தண்ணி கலக்கிக் கொடுத்ததைக் கையில் வாங்கி, குடிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதுவரை இந்த வீட்டில் நான் கொடுத்ததை அவர் குடிக்காமல் போனதில்லை. குறை சொல்வார், ஆனால் குடித்துவிட்டுத்தான் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் லோரிக்கு டயர் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடைக்காரன் டயர் காட்டுவான்? ஆனாலும் விட்டேன். சாயங்காலம் திரும்பியபோது வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருந்தது. வாயெல்லாம் வெற்றிலை வாசம். சோறு எடுத்து வைத்தேன். "பசிக்கல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளும் பசிக்கவில்லை. அதற்கடுத்த நாள் தட்டை நகர்த்திவிட்டு, "அக்கா வீட்டுல சாப்ட்டேன்" என்றார்.

"கயிறு யாரு கட்டுனது?" என்று கேட்டேன்.

"சுங்கை ஆயர் தாவார்ல ஒருத்தரு."

"எதுக்கு?"

அவர் கயிற்றை விரலால் திருகினார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்காதான் கூட்டிக்கொண்டு போனாராம். அந்த ஆள் வயிற்றில் வெற்றிலையை வைத்து, ஒரு குழாயால் உறிஞ்சி, வாயிலிருந்து பித்தளைத் தட்டில் ஒன்றைத் துப்பினாராம். முடியும் மாவும் உருண்டையாகக் கறுப்பாக இருந்ததாம். இதுதான் மருந்து என்றாராம். வீட்டுச் சோறு கொஞ்ச நாளைக்கு வேண்டாம், உடம்பு தேறுவதற்குத் தேன், இளநீர், பிசாங் எமாஸ் வாழைப்பழம், கருப்பட்டி போட்ட பால் எல்லாம் நிறையக் கொடுங்கள் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினாராம்.

"நீங்க நம்புறீங்களா?" என்றேன்.

"நான் நம்பலமா. ஆனா தட்டுல கெடந்துச்சே, பாத்தேனே" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னை அடித்ததில்லை, வைததில்லை. அன்றைக்கு அவர் சொன்னது அடியைவிடப் பெரிதாக விழுந்தது. நான் பொங்கிய சோற்றில் எனக்கே சந்தேகம் வந்துவிடும்போல் இருந்தது. அவர் வேலைக்குப் போனபிறகு அடுப்படியில் நின்று மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியாது. வெறும் மல்லித்தூளைப் பார்த்து அழுதேன்.

பிறகு கோபம் வந்தது. போகட்டும், அக்கா சோறு தின்றே தேறட்டும் என்று விட்டேன். தினமும் வேலை முடிந்து அவர் ஈஜோக்குக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் ஒருத்திக்காகப் பொங்கி ஒருத்தியாகத் தின்றேன். கடையில் என் கல்லாவுக்கு வரும் ஆட்களிடம் எரிந்து விழுந்தேன். அவர் தேறவில்லை. கன்னம் ஒட்டிப்போய், பேச்சு குழற ஆரம்பித்தது. சாலைப் பலகையில் எழுத்து தெரியவில்லை என்று ஒருநாள் தானாகச் சொன்னார். கண் மங்குகிற மனிதர் குலை ஏற்றிய லோரியை அந்தக் குறுகலான சாலைகளில் ஓட்டுகிறார் என்று நினைத்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கிளினிக்குக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். வயிற்றிலிருந்து மருந்தை எடுத்தபின் உடம்பு அப்படித்தான் இருக்கும், அக்கா சொன்னார் என்றார்.

கோயில் மண்டபத்தில் வந்த பதினேழு அன்றுதான் எனக்கு நினைவு வந்தது. கூடவே இன்னொன்றும் நினைவு வந்தது. என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் ஒரு கால் கிடையாது. செம்பனை முள் குத்திக் கால் போனது என்றுதான் அந்தக் குடும்பத்தில் கதை. தோட்டத்தில் முள் குத்தாத கால் யாருக்கு இருக்கிறது? எல்லாருடைய காலுமா போயிற்று? மருமகளாக வந்த புதிதிலேயே எனக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. செத்தவரைப் பற்றி யாரிடம் கேட்பது என்று விட்டிருந்தேன். அவரும் ஒல்லிதான், படத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் மத்தியானம் கல்லாவில் இருந்தபோது நாத்தனார் போன் செய்தார். எனக்கு அவர் போன் செய்வதே இல்லை.

"வந்து பாரு. தம்பி வேலைக்குப் போகாம இங்க வந்து படுத்தவன் எந்திரிக்க மாட்றான். மூச்சு ஒரு மாதிரி வாங்குது" என்றார். குரலில் பழைய சிரிப்பு எதுவும் இல்லை.

நான் போனபோது அவர் லயத்து வீட்டு முன்னறையில் பாயில் கிடந்தார். தலைமாட்டில் தேன் போத்தல், வாழைப்பழத்தோல், பாதி குடித்த இளநீர். மூச்சில் பழம் அழுகிய வாசம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு தூக்கிக் காடியில் போட்டேன். அவரை நான் ஒருத்தியே தூக்கியிருக்கலாம், அவ்வளவுதான் இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்த ஆள் நேராக என்னிடம் வந்து நிறுத்தினார். நான் இல்லை, இவர் என்று கத்தினேன். உள்ளே ஒரு மிஸ்ஸி என்னைப் பார்த்து, எவ்வளவு நாளாக இனிப்பு நீர் என்று மலாயில் கேட்டார். எனக்கு அன்றைக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. இவருக்குத்தான் பாருங்கள், இவருக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மிஷினில் எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தால் அப்படித்தான் வருமாம். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நானும் நாத்தனாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு தமிழ் டாக்டர் பெண் வெளியே வந்தார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார். குடும்பத்தில் யாருக்காவது இனிப்பு நீர் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் நாத்தனார். மாமனாருக்குக் கால் எடுத்தார்கள் என்றேன் நான். நாத்தனார் என்னை முறைத்தார். "அது முள்ளு குத்துனது" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"அவன் ஒல்லி டாக்டர். அவனுக்கு எப்படி வரும்?" என்றார் நாத்தனார்.

"ஒல்லியா இருக்கவங்களுக்கும் வரும்மா. உடம்பு வெளிய எப்படி இருக்குன்னு பாத்துட்டு நாம உள்ள எதையும் போட்டுக்கலாம்னு நெனைக்கிறோம்."

நாத்தனார் எழுந்து டாக்டரின் அருகில் போனார். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் குரலைத் தாழ்த்தினார், ஆனால் தோட்டத்தில் வாழ்ந்த குரல், அதற்கு மேல் தாழாது. "டாக்டர், யாராச்சும் சாப்பாட்டுல எதையாச்சும் வச்சிருந்தா, இந்த ரத்தத்துல தெரியுமா?"

டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எத்தனை குடும்பத்தைப் பார்த்திருப்பாரோ.

"தெரியும்மா. சீனி வச்சிருக்காங்க. நெறைய. ஆனா யாரு வச்சாங்கன்னு ரத்தத்துல தெரியாது" என்றார்.

அப்புறம் தினமும் என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். நாத்தனார் தேன், இளநீர், கருப்பட்டிப் பால் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் முறை வந்தது. டின் பால் மைலோவைச் சொன்னேன், மேலே போட்ட கரண்டிச் சீனியையும் சொன்னேன். லோரியில் கிடந்த போத்தல்களைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி வைத்தவர், ஒட்டுக்கடைக்காரர் எல்லாரும் என் கண்முன் வந்து போனார்கள். அவர் ஒல்லி உடம்பை எதுவும் செய்யாது என்பதுபோல் எல்லாரும் வாரி வாரிக் கொடுத்திருக்கிறோம்.

"உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும்" என்றார் டாக்டர் என்னிடம்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் குண்டா இருக்கேன்னா?" என்றேன்.

"இல்லக்கா. ரெண்டு பேரும் ஒரே சட்டிலதானே சாப்பிடுறீங்க."

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் உடம்பை விட்டுவிட்டு என் சட்டியைப் பற்றி மரியாதையாகக் கேட்டார். எடுக்கச் சொன்னேன். கோயில் மண்டபத்தில் வந்த நல்ல எண் மாறியிருந்தது. இன்னும் இனிப்பு நீர் இல்லை, ஆனால் வாசல்படிவரை வந்துவிட்டீர்கள் என்றார். அந்த ஒரு நல்ல எண்ணை வைத்துக்கொண்டு அத்தனை மாதமும் அப்பம் பாலிக் தின்றவள் நான். என்னைப் பார்த்துச் சிரித்த ஊரைவிட நான் எந்த விதத்தில் கெட்டிக்காரி என்று யோசித்துக்கொண்டே சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று கைக்குத்தல் அரிசிச் சோறு கொஞ்சம், கெம்போங் மீன் குழம்பு, நிறையக் கீரை, வெள்ளரிக்காய். தட்டை அவர் முன்னால் வைத்தேன். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இன்னும் இருந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். சாப்பிடவில்லை. நான் சாப்பிடட்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இத்தனை சொன்ன பிறகும், பித்தளைத் தட்டில் கிடந்த அந்த உருண்டை அவர் தலைக்குள் கிடந்தது. இருக்கட்டும். அவர் தட்டிலிருந்தே ஒரு கை அள்ளி என் வாயில் போட்டு, அவர் பார்க்க மென்று விழுங்கினேன். அதன்பின் அவர் சாப்பிட்டார். அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது, ஆனால் அவர் சாப்பிட்டார். ஒரு வாரம் இப்படியே நடந்தது. ஒருநாள் நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அவரே சாப்பிட ஆரம்பித்திருந்தார். நான் எதையும் கவனிக்காதவள்போல் தண்ணீரை வைத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதான். ஒட்டுக்கடையில் இப்போது இரண்டு கோசோங் சொல்கிறோம். கடைக்காரர் என்னுடையதை நிம்மதியாக வைத்துவிட்டு, அவரிடம் மட்டும், "அண்ணே, உங்களுக்கு என்னா? உடம்பு சரியில்லையா?" என்று இன்றைக்கும் விசாரிக்கிறார். என் எடை பெரிதாகக் குறையவில்லை. இதை எழுதும்போதும் நாற்காலி முனகத்தான் செய்கிறது. ரத்தம் மட்டும் வாசல்படியிலிருந்து இறங்கியிருக்கிறது. அது பந்தியில் யார் கண்ணுக்கும் தெரியாது.

நாத்தனார் தம்பியைப் பார்க்க வருவார். என் கையால் பச்சைத்தண்ணீர்கூட வாங்க மாட்டார். ஆஸ்பத்திரியில் நடந்ததற்குப் பிறகு சந்தேகமா, வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் முகம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதற்கு முன் மேசையில் மிஷினை வைத்து விரலைக் குத்திப் பார்த்தார். ஏழு வந்தது. சந்தோஷத்தில் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கையக் குடு."

"எனக்கு எதுக்குடா? நான் என்னா இவள மாதிரி…"

கண் என் பக்கம் வந்தது. பேச்சு பாதியில் நின்றது. அந்த வாக்கியத்தை அவர் முடிப்பதற்காகப் பல வருடம் காத்திருந்தவள் நான், அப்போதும் காத்திருந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் அக்காவின் விரலைப் பிடித்துக் குத்திவிட்டார்.

பதினைந்து.

மிஷின் சரியில்லை என்று நாத்தனார் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எடுத்துத் தட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். தட்டினால் சொல்வதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது, நல்ல காரமான பதில். அவர் தட்டவில்லை. விரல் நுனியில் இருந்த ரத்தத்தைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு யாரு வச்சா?" என்றார். "நான் தனியாத்தானே பொங்கித் திங்கிறேன்."

அந்தக் காரமான பதிலை விழுங்கினேன். உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து, எங்களுக்கு வைத்ததையே அவருக்கும் வைத்தேன். நான் ஒரு கை அள்ளிச் சாப்பிட்டுக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவர் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். என் பக்கம் பார்த்தார்.

"உப்பு பத்தல" என்றார்.

உப்பு ஜாடி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எங்களுக்குப் போட்டதே அவருக்கும் போதும், நான் எடுத்துக் கொடுக்கவில்லை.